பொன்னுருக்குவரை ஒத்திவைப்பு

எங்கள் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் கதை நடக்கும். மூன்று பேர் சந்தித்தால் சங்கம் தொடங்கும். நாலாவது ஆள் வந்து சேர்ந்தால் அந்தச் சங்கம் இரண்டாக உடையும். இப்படி உடைந்தவை, ஒட்டியவை, பெயரை மாற்றிக்கொண்டு பிழைத்தவை எல்லாம் போக, அறுபதுகளின் நடுவில் உருப்படியாக மிஞ்சியிருந்தது சந்தியடி வாசிகசாலை ஒன்றுதான். ஓட்டுக்கூரை, நாலு நீள வாங்கு, ஒரு மேசை, தலைவருக்கு மட்டும் கைபிடி வைத்த ஒரு கதிரை, கண்ணாடி உடைந்த அலுமாரி நிறையப் புத்தகங்கள். அதை நடத்திய சங்கத்துக்கு நான் காரியதரிசி. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்தபடியால் அந்தப் பதவி என்னிடம் வந்தது. வேறு தகுதி உண்டா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

தலைவர் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர். வரும்போது ஒரு ட்ரங்குப் பெட்டியும் ஒரு குடையும் கூட்டம் நடத்தும் முறை பற்றிய ஒரு தடித்த இங்கிலீசுப் புத்தகமும் கொண்டுவந்தார். அதுவரை எங்கள் கூட்டங்களில் ஒரே ஒரு விதிதான் இருந்தது. யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் வென்றார். தலைவர் வந்து அதை ஒழித்தார். ஒருவர் பிரேரணையை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், வழிமொழிய ஆளில்லாவிட்டால் அது அந்த இடத்திலேயே செத்துப்போகும், திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கெடுக்க வேண்டும், யாராவது 'ஒழுங்குப் பிரச்சினை' என்று எழுந்தால் பேசுகிறவர் உட்கார வேண்டும். இவற்றையெல்லாம் ஞாயிறு பின்னேரங்களில் கரும்பலகை வைத்துச் சொல்லித் தந்தார். வெங்காயத்துக்கு மருந்தடிப்பது எப்படி என்று ஆள் வந்து விளக்கம் சொன்னபோது நித்திரை கொண்ட ஊர், இதை மட்டும் கண்வெட்டாமல் கேட்டது.

ஆறே மாதத்தில் ஊர் கெட்டுப்போயிற்று. தண்ணீர் இறைக்கும் முறைக்குச் சண்டை வந்தால் ஒருவன் வரம்பில் நின்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவான். கோயில் அன்னதானத்தில் பாயசத்துக்கு முந்தி வடையா, பிந்தி வடையா என்பதற்கு இரண்டு திருத்தங்கள் வந்தன. எங்கள் வீட்டில் அம்மா, கத்தரிக்காய்க் குழம்பு வைக்கட்டோ என்று கேட்பார். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் வழிமொழிய ஆளில்லை என்று சொல்லிவிட்டுச் சொதியை வைப்பார்.

இதில் எல்லோரையும் மிஞ்சிய மாணாக்கர் என் தகப்பன். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். புகையிலைத் தோட்டக்காரர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தலைவர் அந்த இங்கிலீசுப் புத்தகத்தை வாசிகசாலைக்கே அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஐயா என்னை அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, புகையிலைக்கு நரம்பு கிழித்தபடியே, அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு முறை கேட்டால் அவருக்குப் போதும். நான்தான் மறந்துபோய் மறுபடி மறுபடி பார்ப்பேன்.

இந்தக் காலத்தில்தான் எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது. பெண், தலைவரின் இளைய மகள். சாதகம் பொருந்தி இரண்டு வீட்டாரும் ஓம் சொன்னார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தியே பொருந்திவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசிகசாலை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவள் புத்தகம் எடுக்க வருவாள். நான் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பேன். எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதும் "எத்தனை நாளுக்கு?", "பதினாலு நாளுக்கு" என்பதுதான். அந்தப் பதினாலு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பொன்னுருக்குக்கு ஒரு வியாழக்கிழமை குறித்தார்கள். கலியாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை வீட்டுக்கு நகைசெய்யும் பத்தர் வந்து தாலிக்குரிய பொன்னை எல்லோருக்கும் முன்னால் உருக்குகிற சடங்கு அது. பொன் உருகிவிட்டால் அதன் பிறகு இரண்டு பக்கமும் பின்வாங்க முடியாது. இடி விழுந்தாலும் கலியாணம் நடக்கும். பொன்னுருக்கின பிறகு குழம்பிய கலியாணம் என்று ஒன்றை எங்கள் பகுதியில் நான் கேள்விப்பட்டதில்லை. உருகுவதற்கு முந்தினநாள்வரை எதற்கும் குழம்பலாம். அளவெட்டி மேளகாரருக்கு வெற்றிலை வைத்தாயிற்று, பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்று. பொன் மட்டும் இன்னும் உருகவில்லை.

அப்போதுதான் தலைவர் பத்திரிகையைத் தைத்தார்.

கொழும்புப் பத்திரிகை காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கும். வந்தவுடன் அதைத் தாள் தாளாகப் பிரித்துவிடுவது வழக்கம். ஆறு தாள் என்றால் ஆறு பேர் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். ஒரு தாளை எதிரேயுள்ள சுருட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே இருபது பேர் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். கை ஓயாது, காது சும்மா இருக்கும். ஒருவர் நடுவில் இருந்து உரக்க வாசிப்பார். மத்தியானத்துக்குள் தாள் திரும்பி வரும். சில நாள் வராது. வடை சுற்றவும் மேசை லாச்சிக்குள் விரிக்கவும் பத்திரிகைத் தாள் உதவும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்ததுதான்.

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், பத்திரிகையின் நடுமடிப்பில் தலையணை உறை தைக்கிற தடித்த நூலால் ஐந்து தையல் போட்டிருந்தது. தலைவர் ஒருவரிடமும் கேட்கவில்லை, கூட்டம் வைக்கவில்லை, பிரேரணை இல்லை. கூட்டம் வைக்காமல் குடத்தில் தண்ணீர்கூட மாற்றாத மனிதர்! பத்திரிகை ஒன்றானவுடன் வாசகரும் ஒன்றானார். அந்த ஒருவர் பெரும்பாலும் தலைவர். அவர் முதல் பக்கத்தின் விலையிலிருந்து தொடங்கி, டெண்டர் கேட்கும் கேள்விப்பத்திர அறிவித்தல்களையும் விடாமல், மத்தியானம் பன்னிரண்டுக்குக் கடைசிப் பக்கத்தை முடிப்பார். இறைப்பு முடிந்து பத்து மணிக்கு வருகிற தோட்டக்காரர்கள் அவர் முன்னால் இருந்து, அவர் விரித்துப் பிடித்த பத்திரிகையின் மறுபுறத்தை மட்டும் வாசித்தார்கள். சுருட்டுக்கொட்டில் முதலாளி இரண்டு கிழமையாகத் தனக்கு விளையாட்டுச் செய்தி மட்டும்தான் தெரியும் என்றும், நாட்டில் அரசாங்கம் ஒன்று இன்னும் இருக்கிறதா என்றும் சந்தியில் நின்று கேட்டார்.

ஐயா இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தார்.  மூன்றாம் கிழமை, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கடிதத்தைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். தலைவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை. முன்மொழிபவர் என் தகப்பன், வழிமொழிபவர் சுருட்டுக்கொட்டில் முதலாளி, கீழே சங்கத்தின் யாப்பு விதிகளின்படி பத்துக் கையொப்பம்.

"கிடைச்சது எண்டு திகதி, மணி போட்டு ஒப்பம் வை" என்றார்.

"ஐயா, அவர் பொம்பிளையின்ரை தகப்பன்."

"சம்பந்தம் வேறை, சங்கம் வேறை."

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து, பிரேரணையை இரண்டு கிழமை பிந்திக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். பத்திரிகை தினமும் வருகிறது என்று ஐயா பதில் சொன்னார். சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நான் ஒப்பம் வைத்தேன்.

அன்று பின்னேரமே ஐயா ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு பந்தல் விசயம் கதைக்கத் தலைவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், ஏதாவது வெடித்தால் தடுக்கலாம் என்று. ஒன்றும் வெடிக்கவில்லை. தலைவர் எங்களுக்குக் கோப்பி தந்து, பந்தலுக்கு எத்தனை கால் என்பதை முடித்துவிட்டு, பிரேரணையின் பிரதியை எடுத்துக் கண்ணாடியைப் போட்டார். இரண்டாம் வரியில் வசனம் தளர்வாக இருக்கிறது, இப்படி விட்டால் யாராவது ஒழுங்குப் பிரச்சினை எழுப்பித் தள்ளிவிடக்கூடும் என்றார். பேனையை எடுத்துத் தன்னைப் பதவியிலிருந்து இறக்குகிற வசனத்தைத் தானே திருத்தி இறுக்கிக் கொடுத்தார். ஐயா மனமார நன்றி சொன்னார். இந்த இரண்டு பேருக்கும் இடையில்தான் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். வழக்கத்துக்கு மாறாக வேறு புத்தகம் எடுக்காமல் போய்விட்டாள். உள்ளே ஒரு காகிதத் துண்டு இருந்தது. "அப்பாவுக்குக் கோபமில்லை. அம்மாவுக்குத்தான். அப்பாவை இறக்கிப்போட்டு வருகிற சம்பந்தியோடு ஒரு பந்தலில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டா. அம்மா சொன்னால் அப்பாவால் மறுக்க ஏலாது. வியாழக்கிழமைக்கு முந்தி வாக்கெடுப்பு நடக்காமல் பாருங்கோ." துண்டை நாலு முறை வாசித்தேன். அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான் என்பதால் பயத்தோடு கொஞ்சம் சந்தோசமும் இருந்ததை மறைக்க மாட்டேன்.

யாப்பின்படி கூட்டம் விழுந்தது பொன்னுருக்குக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு கிழமை தள்ளிப்போட்டால் போதும். அந்தத் தடித்த புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஒரு காரியத்தைச் செய்து முடிக்க அதில் ஒரே வழிதான் சொல்லியிருந்தது. செய்யாமல் இழுத்தடிக்க வழிகள் அத்தியாயம் அத்தியாயமாக இருந்தன. காரியதரிசியும் ஒரு பக்கத்தின் மகனும் மற்றப் பக்கத்தின் மருமகனுமாகிய நான் எழுந்து இவற்றை முன்மொழிய முடியாது. ஆகவே என் நண்பனைப் பிடித்தேன். என்னோடு படிப்பிப்பவன், ஊர் நாடகங்களில் இராசா வேடம் போடுபவன். குரல் வெண்கலம், ஞாபகம்தான் ஓட்டை. அதற்காக நாலு துண்டு எழுதிக் கொடுத்தேன். முதலாம் துண்டில் திருத்தப் பிரேரணை. இரண்டாம் துண்டில் விசயத்தை ஒரு குழுவுக்கு அனுப்பும் பிரேரணை. மூன்றாம் துண்டில் கூட்டத்தையே ஒத்திவைக்கும் பிரேரணை. நாலாம் துண்டு எச்சரிக்கை. விவாதத்தை முடித்து உடனே வாக்கெடுக்க வேண்டும் என்று எதிர்ப்பக்கம் மூடல் பிரேரணை கொண்டுவந்தால், அதை எப்படி எதிர்ப்பது என்பது அதில் இருந்தது. மூடல் பிரேரணையின் வாசகத்தையும், அவன் அடையாளம் காணட்டும் என்று, பெரிய எழுத்தில் எழுதி வைத்தேன். அந்தப் பெரிய எழுத்துக்கு இன்றைக்கும் என்னை நானே திட்டுகிறேன்.

ஞாயிறு நாலு மணிக்கு வாசிகசாலை நிரம்பிற்று. வாங்கு போதாமல் சிலர் அரிசி மூட்டைச் சாக்கை மடித்துப்போட்டு நிலத்தில் இருந்தார்கள். முந்திய கூட்டறிக்கையை வாசித்தேன். அந்த ஒரு நாள் அதற்குப் பதினொரு திருத்தம் வந்தது. பதினொன்றையும் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டேன். பிறகு பிரேரணை. தலைவர் எழுந்து, தன்னைப் பற்றிய பிரேரணைக்குத் தான் தலைமை தாங்குவது முறையல்ல என்று கதிரையை விட்டு இறங்கி முன்வாங்கில் போய் இருந்தார். உபதலைவர் கொடிகாமத்தில் ஒரு செத்தவீட்டுக்கு அன்று காலையில் புறப்பட்டுப் போயிருந்தார். இந்தச் சமயத்தில் கொடிகாமத்தில் யாரோ செத்துக் கொடுத்தது அவருடைய அதிட்டம். அப்படியென்றால் தற்காலிகத் தலைவர் யார்? சுருட்டுக்கொட்டில் முதலாளி என்னை முன்மொழிந்தார். தலைவரே வழிமொழிந்தார். இரண்டு பக்கத்துக்கும் உரித்துள்ள ஒரே ஆள் நான்தானாம். ஏகமனதாக நிறைவேறிற்று. ஏகமனதுக்கு எதிராக என்ன பிரேரணை கொண்டுவரலாம் என்று யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

கைபிடி வைத்த கதிரையில் போய் இருந்தேன். அந்தக் கதிரையில் இருப்பவருக்கு வாக்கில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவர் ஒரு வாக்குப் போட்டு முடிவு சொல்ல வேண்டும்.

ஐயா எழுந்து பேசினார். தலைவருடைய நேர்மையில் தனக்கு ஒரு குறையும் இல்லை, எங்களுக்கு ஒழுங்கு சொல்லித் தந்தவர் அவர், அந்த ஒழுங்கின்படி சங்கத்தைக் கேட்காமல் சங்கத்தின் பத்திரிகையில் ஊசி ஏற்ற ஒருவருக்கும் அதிகாரமில்லை என்றார். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். சுருட்டுக்கொட்டில் முதலாளி வழிமொழிந்து முக்கால் மணித்தியாலம் பேசினார். எனக்கு அது போதவில்லை. இன்னும் இரண்டு மணித்தியாலம் பேசமாட்டாரா என்றிருந்தது.

நண்பன் எழுந்தான். முதலாம் துண்டு. நம்பிக்கை இல்லை என்பதை எடுத்துவிட்டு நம்பிக்கை உண்டு என்று திருத்த வேண்டும். ஐயா ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்: பிரேரணையைத் தலைகீழாக்குவது திருத்தம் அல்ல. என்ன செய்ய, அவர் சொன்னது சரி. புத்தகத்தில் அந்த இடத்தை அவருக்கு வாசித்துச் சொன்னதே நான்தான். திருத்தத்தைத் தள்ளினேன். இரண்டாம் துண்டு. நண்பன் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று முழங்கினான். கைதட்டல் விழுந்த உற்சாகத்தில், "நானே அதை வழிமொழியிறன்" என்றும் முழங்கினான். முன்மொழிந்தவனே வழிமொழிய முடியுமா? வாங்கிலிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த பல்லி விழுந்தது. அந்தப் பிரேரணையும் செத்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு குரல், வெங்காயத் தோட்டத்துக்குள் மாடு புகுந்துவிட்டது என்று கத்திற்று. இது என் ஏற்பாடு அல்ல. நண்பன் தன் சித்தப்பனைப் பிடித்துச் செய்த உபரி ஏற்பாடு. யாருடைய தோட்டம் என்று சொல்லாவிட்டால் எல்லோரும் ஓடுவார்கள், நிறைவெண்ணுக்கு ஆள் போதாமல் கூட்டம் கலையும் என்பது அவன் கணக்கு. வேறு எந்த நாளென்றாலும் பலித்திருக்கும். அன்று ஒருவன் அசையவில்லை. ஐயா மட்டும் எழுந்து, உறுப்பினரல்லாத ஆள் வெளியில் நின்று கூட்டத்தில் கதைக்கக் கூடாது என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. மாட்டின் செய்தியைக் கூட்டறிக்கையில் சேர்க்கவில்லை.

மூன்றாம் துண்டு. ஒரு கிழமை ஒத்திவைப்பு. மழை வரப் பார்க்கிறது என்று நண்பன் காரணம் சொன்னான். கதவால் பார்த்தால் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் வழிமொழிய ஓர் ஆள் கிடைத்தது, வாக்குக்கு விட்டேன். தலைவர் பக்கத்தவர்கள் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தனக்கு ஒளிக்க வேண்டிய தேவை இல்லை, இன்றைக்கே நடக்கட்டும் என்று சொல்லி, ஒத்திவைப்புக்கு எதிராகக் கையைத் தூக்கினார். ஆதரித்து மூன்று கைதான் எழுந்தது. தன் மகளின் கலியாணத்தைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறார் என்று அவருக்கு விளங்கவில்லை.

பிறகு அவர் மறுமொழி சொல்ல எழுந்தார். குரல் உயரவில்லை.

"முப்பத்திரண்டு வருசம் ஃபைல் தைச்ச கை இது. தைச்சது நான்தான். கேக்காமல் செய்தது பிழை, ஒத்துக்கொள்ளுறன். ஏன் தைச்சனான் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருக்கிறன். கந்தோரிலை இருவது வருசம் எனக்குப் பக்கத்து மேசையிலை இருந்தவன், மாசி மாதம் இணுவிலிலை செத்துப்போனான். அறிவித்தல் பேப்பரிலை வந்தது. அண்டைக்கு அந்தத் தாள் இஞ்சை இல்லை. நான் அறிஞ்சது எட்டாம் நாள் செலவுச் சடங்கும் முடிஞ்ச பிறகு. இணுவில் என்ன தூரமே, சைக்கிளிலை போற தூரம். அவன்ரை பெண்சாதி என்னைப் பாத்து, நீங்களுமோ வரேல்லை எண்டு கேட்டா."

அவர் இருந்துவிட்டார். வாசிகசாலையில் சத்தமில்லை. எங்கள் ஊரில் கலியாணவீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள். செத்தவீட்டுக்குப் போகாதவனை மூன்று தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருப்பார்கள். சுருட்டுக்கொட்டில் முதலாளி தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாள் எங்கே போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

இந்த மௌனம் இப்படியே நீண்டால் ஐயா ஏதாவது சொல்லிப் பிரேரணையை மீளப் பெறக்கூடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் நண்பன் எழுந்தான். தலைவரின் பேச்சில் உருகிப்போய், ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பில், கையில் மிஞ்சியிருந்த நாலாம் துண்டைப் பிரித்து அதில் பெரிய எழுத்தில் இருந்ததை இராசா குரலில் வாசித்தான். "விவாதத்தை இத்துடன் முடித்து உடனே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் எனப் பிரேரிக்கிறேன்." என் கையெழுத்து! சுருட்டுக்கொட்டில் முதலாளி அவசரமாக வழிமொழிந்தார். இந்த மௌனம் அவருக்கும் பொறுக்க முடியாததாக இருந்திருக்கும். நிறைவேறிற்று. நண்பன் வெற்றிச் சிரிப்போடு என்னைப் பார்த்தான். அவன் இன்றைக்கும் அதை எனக்குச் செய்த உதவி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இனி ஒன்றும் மிச்சமில்லை. நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். எண்ணினேன். பதினெட்டு. எதிர்ப்பவர்கள் என்றேன். தலைவரின் கையையும் சேர்த்துப் பத்தொன்பது. தனக்காகத் தான் கை தூக்கலாமா என்று அவர் தயங்கினார். யாப்பில் தடையில்லை என்றதும் பாதிவரை தூக்கினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆதரித்த கைகளை மறுபடி எண்ண அனுமதி கேட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பதினெட்டு. இந்த முறை முகங்களைப் பார்த்தபடியால் தெரிந்தது. இரண்டாம் வாங்கின் கரையில் ஐயா இருந்தார். அவருடைய இரண்டு கையும் முழங்காலில் இருந்தன.

பிரேரணை ஒரு வாக்கால் தோற்றது என்று அறிவித்தேன். தலைவர் எழுந்து வந்து, தற்காலிகத் தலைவருக்கு நன்றி என்று எனக்குச் சொல்லி, கதிரையில் இருந்து, அடுத்த விடயம் கூரையில் உடைந்த ஓடு என்றார்.

வெளியில் வந்ததும் சுருட்டுக்கொட்டில் முதலாளி ஐயாவைப் பிடித்துக்கொண்டார். தன் பிரேரணைக்குத் தானே கை தூக்காதவன் என்று உரக்கச் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். நாளைக்குக் கொட்டிலில் பத்திரிகைக்குப் பதிலாக இதைத்தான் வாசிப்பார்கள் என்றார்கள், வாசித்தும் இருப்பார்கள். சம்பந்திக்குப் பயந்தவன் என்ற பெயர் ஐயாவுக்கு அன்று வந்து, வெகுநாள் நின்றது. வார்த்தைக்கு வார்த்தை ஒழுங்குப் பிரச்சினை எழுப்பும் மனிதர், அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பத்திரிகை தைத்துத்தான் கிடந்தது. பிரேரணையில் வென்றவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஆனால் ஐந்து தையலுக்குப் பதிலாக ஒரே ஒரு தையல், அதுவும் தொய்வாக. இழுத்தால் தாள் வரும். கொட்டிலிலிருந்து வந்தவர் மரண அறிவித்தல் இல்லாத ஒரு தாளாகப் பார்த்து மெல்ல இழுத்தார். தலைவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு முந்தி தாள் திரும்பி வந்தது. இதற்குப் பிரேரணை இல்லை, கூட்டறிக்கையிலும் இல்லை.

வியாழக்கிழமை பத்தர் வந்தார். உமியும் சிரட்டைக்கரியும் போட்டு ஊதினார். எல்லோரும் சுற்றி நின்று பார்க்கப் பொன் உருகி ஒரு பொட்டாகத் திரண்டது. தலைவரும் ஐயாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வெற்றிலை போட்டார்கள். தலைவரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பலகாரம் நன்றாக இருக்கிறது என்றார். 

சாப்பாடு முடிந்து சனம் போன பிறகு ஐயா வேப்பமரத்தடியில் தனியே இருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்து, பொன் உருகட்டும் என்று பயந்து வைத்திருந்த கேள்வியோடு போனேன்.

"ஐயா, நீங்கள் ஏன் கை தூக்கேல்லை? அவர் செத்தவீட்டுக் கதை சொன்னதாலையோ?"

"அது பாவம்தான். எண்டாலும் கேக்காமல் தைச்சது தைச்சதுதானே" என்றார். "பிரேரணை கொண்டந்தவன் அதை எதிர்த்துக் கதைக்கக் கூடாது எண்டு நீதான் வாசிச்சுச் சொன்னனி. கை தூக்கத்தான் வேணுமெண்டு எங்கையும் கிடக்கோ?"

"இல்லை."

"நீ அந்தக் கதிரையிலை ஏறின உடனை நான் தலையளை எண்ணிப்போட்டன். என்னோடை சேத்துப் பத்தொன்பது, அவரோடை சேத்துப் பத்தொன்பது. பிறகு உன்ரை வாக்குத்தான் மிச்சம்." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி இருந்தார். "நீ எனக்கு எதிராகத்தான் போட்டிருப்பாய், மோனை. பிழையெண்டு சொல்லேல்லை, உனக்கு வேறை வழியில்லை. ஆனால் அதை நாப்பது பேருக்கு முன்னாலை நீ செய்யிறதை நான் இருந்து பாக்க வேணுமே?"

இல்லை ஐயா, உங்கள் பக்கம்தான் போட்டிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் தந்தார். சொல்ல முடியவில்லை. ஐயா எண்ணியதில் பிழை இருக்கவில்லை.